காயம் ஆறாத ஆட்டம்

மேற்கே இருட்டிக்கொண்டு நிற்கும், மழை மட்டும் வராது. தொண்ணூறுகளின் நடுவில், சரவணம்பட்டிப் பக்கம் கல்லூரியில் படித்த நாட்கள் எனக்கு இந்த நிறத்தில்தான் நினைவிருக்கின்றன. வாடகை அறையில் மூன்று பேர் பாய் விரித்து ஒரு கதை விளையாட்டு ஆடுவோம். ஒருவன் கதையை நடத்துவான்: குகை, கதவு, கதவுக்குப் பின்னால் பூதம். நானும் என் நண்பனும், கதைக்குள் இருக்கும் எங்கள் ஆள் என்ன செய்கிறான் என்று சொல்லவேண்டும். அது பலித்ததா என்பதை டம்ளரில் குலுக்கி எடுக்கும் எண் சீட்டு சொல்லும்.

முதலில் கிடைத்த ஜெராக்ஸ் விதிப்புத்தகத்தில் கொன்றால் புள்ளி. தூங்கி எழுந்தால் காயம் ஆறிவிடும். நண்பன் கதவைக் கண்டாலே உதைத்தான்.

"ஏண்டா, உள்ள இருக்கறது ஆருன்னாச்சும் கேட்டயா?" என்பேன் நான்.

"செத்த பொறவு கேட்டுக்கலாம், போடா!"

வகுப்பில் வாய் திறக்காதவன், பாயில் புலி.

பிறகு கதை நடத்துபவன் வேறொரு விதிப்புத்தகம் கொண்டுவந்தான். அதில் காயம் ஆறாது. கை போனால் போனதுதான். கொன்றால் புள்ளி இல்லை, பேசிப் பார்த்தால் அதற்கும் ஒரு சீட்டு குலுக்கலாம். பூதத்திடமே, "ஏனுங்க, கொஞ்சம் வழி உடறீங்களா?" என்று கேட்டோம், விழுந்து விழுந்து சிரித்தோம். சிரிப்பு மெல்ல வற்றியது. நண்பனின் ஆள் மூடிய கதவுகளில் காதை வைத்தபடியே மாலைகளைக் கழித்தான். திறக்கவே மாட்டான்.

அப்போதுதான் அவன் அப்பாவுக்குப் பக்கவாதத்தில் ஒரு கையும் காலும் விழுந்தன. படிப்பை விட்டுவிட்டு, பெரியநாயக்கன்பாளையத்தில் அவருடைய லேத் பட்டறையைப் பார்க்கப் போகவேண்டும். பெட்டியைக் கட்டிவிட்டுக் கேட்டான்:

"இன்னைக்கு மட்டும் பழைய புக்குல ஆடலாம்டா. ஒரு கதவையாச்சும் ஒதைச்சுப்போட்டுப் போறேன்."

பழைய புத்தகம் வந்தது. கதை நடத்துபவன் இற்றுப்போன மரக்கதவு ஒன்றைச் சொன்னான். "பூட்டுகூட இல்லடா. ஒதை."

டம்ளர் நண்பனின் கையில். குலுக்கவில்லை.

"உள்ள சத்தம் ஏதாச்சும் கேக்குதா?"

"பழைய புக்குடா இது. அடிபட்டாலும் தூங்குனா ஆறிரும். மறந்துபோட்டயா?" என்றான் கதை நடத்துபவன்.

"தெரியும்," என்றான் நண்பன். இல்லாத கதவை நோக்கிக் குரலைத் தாழ்த்தினான்: "ஏனுங்க... உள்ள ஆருங்க?"

நாங்கள் சிரிக்கவில்லை.

கீழே, அவனைக் கூட்டிப்போக வந்த மாமாவின் வேன் ஹாரன் அடித்தது. ஜன்னலில் எட்டிப் பார்த்து, "வாரேனுங்க மாமா!" என்றான். ஒரு சீட்டும் சிந்தாமல் டம்ளரைப் பாயில் வைத்துவிட்டுப் படியிறங்கினான்.

வேன் போன பிறகு கேட்டேன், கதவுக்குப் பின்னால் என்ன வைத்திருந்தாய் என்று.

"ஒண்ணுமே வெக்கலடா," என்றான் கதை நடத்துபவன். "சும்மா ஒதைக்கட்டும்னுதான்."