றோசலின் அன்ரியின் காலில் அடித்த காற்று

வெள்ளவத்தையில் என் காரைப் பார்க்கிற மெக்கானிக் மடிக்கணினியை மூடிவிட்டு நேற்றுச் சொன்னார்: "அங்கிள், வெறுங் காரில டர்போ பிழை காட்டுதில்ல. பாரம் வேணும். நாலைஞ்சு ஆக்களை ஏத்திக்கொண்டு வாங்கோ."

நாலைந்து ஆட்களுக்கு நான் எங்கே போவேன்? வீட்டில் இருப்பது நானும் மனைவியும். அவளைப் பாரம் என்று கூப்பிட்டால் அன்றைக்கு எனக்குச் சோறு கிடைக்காது.

ஆனாலும் சிரிப்பு வந்தது. ஒரு காலத்தில் இதே வசனத்தை ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். இன்சூரன்ஸ் கந்தோரில் வேலையும் கதிரையும் கிடைக்கும்வரை கொட்டாஞ்சேனைக் கராஜ் ஒன்றில் மெக்கானிக்காக இருந்தேன். நம்புங்கள், காருக்குக் கீழே போய் வரக்கூடிய வயிறு அப்போது இருந்தது.

டர்போ என்பது எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அடித்து ஏற்றுகிற சாமான். காற்று அளவு மீறினால் திறந்துகொள்ள ஒரு சின்னக் கதவு உண்டு. அதைத் திறக்க வைப்பது ஒரு மெல்லிய ரப்பர் ஹோஸ் வழியாக வருகிற காற்று. கதவு திறக்காவிட்டால் வான் வண்டியின் கம்ப்யூட்டர் பயந்துபோய் வலுவைக் குறைத்துவிடும். இந்த நோய் வெறும் வானில் வராது. ஏற்றமும் வேண்டும், பாரமும் வேண்டும். எங்களுக்கு இருந்த மலை களனிப் பாலம். பாரம், வான்காரரின் குடும்பம். பாலம் தாண்டினால் பேலியகொடை மீன் சந்தை. ஆகவே நாங்கள் டர்போ பார்க்கிற நாளில் அந்த வீட்டில் மீன் குழம்பு நிச்சயம்.

மட்டக்குளி அன்ரன் அண்ணன் பள்ளிக்கூட வான் ஓடுபவர். அவருடைய மாமி றோசலின் அன்ரியின் கடைசி மகளுக்குச் சனிக்கிழமை நுவரெலியாவில் கலியாணம். பெண் வீட்டாரை ஏற்றிப்போக வேண்டிய வானோ பாலத்து ஏற்றத்திலேயே தவழத் தொடங்கியிருந்தது. நிறுத்தித் திரும்ப ஸ்டார்ட் பண்ணினால் ஒன்றும் நடக்காத மாதிரி ஓடும்.

"கடுகண்ணாவை மலையில கலியாணப் பொம்பிளையை இறக்கி வானைத் தள்ளச் சொல்லேலுமே தம்பி?" என்றார் அண்ணன்.

நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. "டர்போ முடிஞ்சுது அண்ணன். வேற போட வேணும்," என்றேன். வேறு டர்போ தேடி எடுக்க ஒரு கிழமையாகும். அன்றைக்குப் புதன். அன்ரன் அண்ணனின் முகம் செத்துப்போயிற்று.

கூட வந்திருந்த அன்ரிதான், "முதல்ல எங்களை ஏத்திப் பாருங்கோவன்," என்றார்.

மறுநாள் காலை எட்டுப் பேர் ஏறினார்கள். அந்த வானில் எஞ்சின் முன் சீற்றுக்குக் கீழே. அதன்மேல் அன்ரி, மடியில் மீன் கூடை. பாலம் ஏறும்போதே பின்னால் செபமாலை தொடங்கிவிட்டது. பாதி ஏற்றத்தில் வான் படுத்தது. அதே நேரம் அன்ரி கத்தினார்: "தம்பி, என்ர காலில ஆரோ ஊதுறான்!"

"அக்கா, இந்த வயசில உன்ர காலில ஊத ஆருக்கு நேரம்?" என்றார் அவருடைய தங்கச்சி. செபமாலை அதோடு கலைந்துவிட்டது.

சந்தையில் நிறுத்திச் சீற்றைத் தூக்கினேன். அந்த மெல்லிய ஹோஸ் நீளவாக்கில் வெடித்திருந்தது. சூட்டிலும் அமுக்கத்திலும் வாய் திறக்கும், ஆறினால் மூடிக்கொள்ளும். அது ரப்பரும் இல்லை. மீன் தொட்டிக்குக் காற்று விடுகிற, கண்ணாடி மாதிரியான பிளாஸ்ரிக் குழாய். இரண்டு மாதத்துக்கு முன் கராஜில் ரப்பர் ஹோஸ் முடிந்துபோன ஒரு நாளில், மீன் தொட்டிக் கடையில் ஒரு முழம் வாங்கி 'இப்போதைக்கு' என்று மாட்டிய அறிவாளி நான்தான்.

சட்டென்று பொக்கற்றுக்குள் போட்டுக்கொண்டு, "சின்ன ஹோஸ்தான் அண்ணன். டர்போ நல்லாயிருக்கு," என்றேன். அன்ரி என் பொக்கற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் வீட்டு ஹோலிலும் மீன் தொட்டி இருந்தது.

அன்ரன் அண்ணன் என்னைக் கட்டிப்பிடித்து ஒரு பாரை மீனும் வாங்கித் தந்தார். வெட்கத்தில் அதைத் தின்ன முடியவில்லை என்று எழுத ஆசைதான். தின்றேன், நல்ல ருசி. புது ரப்பர் ஹோஸோடு சனிக்கிழமை வான் கடுகண்ணாவை ஏறியது.

அதற்குப் பிறகு கோயில் வாசலில், பஸ் தரிப்பில், எங்கே கண்டாலும் அன்ரி ஒரே கேள்விதான் கேட்பார்: "என்ன தம்பி, மீனெல்லாம் சுகமே?" பக்கத்தில் நிற்கிறவர்களுக்கு ஒன்றும் விளங்காது. கடைசிவரை ஒருவருக்கும் சொல்லவில்லை அந்த மனுஷி. அவர்மேல் எனக்கு அவ்வளவு அன்பு.

அந்த எட்டுப் பேரும் ஒவ்வொருவராகக் கனடா போனார்கள். வான் விலைப்பட்டது. அன்ரி நத்தார்ப் பண்டிகைதோறும் அங்கிருந்து ரெலிபோன் எடுத்து மீன்களைச் சுகம் விசாரிப்பார். போன நத்தாருக்கு அழைப்பு வரவில்லை. அன்ரி போய்விட்டார்.

இன்று காலை ஐந்து அரிசி மூட்டையை ஏற்றிக்கொண்டு பாலத்துக்குப் போனேன். முன் சீற்றில் ஒரு மூட்டை. அதற்குப் பெல்ற்றும் போட்டேன், இல்லாவிட்டால் கார் கத்துகிறது. பாதி ஏற்றத்தில் கார் படுத்தது. பின் சீற்றில் கணினியைப் பார்த்துக்கொண்டிருந்த மெக்கானிக், "எங்கேயோ காத்து லீக்காகுது அங்கிள். எங்கேயெண்டுதான் விளங்கேல்ல," என்றார்.

நான் முன் சீற்றைத் திரும்பிப் பார்த்தேன். அரிசி மூட்டைக்குக் கால் இல்லை.