குப்புறப் படுத்திருந்தவளுக்குப் பைத்தான் செய்திகள்

என் தோழிக்கு ஒரு கண்ணில் விழித்திரை விலகிவிட்டது. தி.நகரில் எங்கள் முதல் வேலையில் ஒரே மேசையின் இரு பக்கமும் உட்கார்ந்து பைத்தான் என்ற கணினி மொழியில் நிரல் எழுதப் பழகியவர்கள் நாங்கள். அறுவை சிகிச்சை செய்து, கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழை விட்டு, அது விழித்திரையை அழுத்திப் பிடித்துக்கொள்ளும்வரை குப்புறவே படுத்திருக்கச் சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு கண் அசைந்தால் மற்றதும் அசையுமாம். அதனால் எதையும் படிக்கவும் கூடாது.

நான் அப்போது ஒரு வேலையை விட்டுவிட்டு இன்னொன்றில் சேரக் காத்திருந்தேன். மதியங்களில் அடையாறிலிருந்து மயிலாப்பூருக்குப் பஸ் ஏறிவிடுவேன். கட்டிலின் விளிம்பில் மடித்த துண்டு, அதில் நெற்றி, தரையைப் பார்த்த முகம். அப்படித்தான் கிடந்தாள். அவள் குரல் கேட்பதற்கு நான் கீழே தரையில் உட்கார வேண்டியிருந்தது.

பாட்டு ஏதாவது போடட்டுமா என்று முதல் நாள் கேட்டேன்.

“வேண்டாம்டி. ஆத்துல நாள் பூரா பாட்டுதான். வாரா வாரம் வருமே பைத்தான் நியூஸ், அதை வாசி. நான் இங்கே படுத்துண்டிருக்கச்சே உலகம் எங்கேயோ போயிண்டிருக்கு.”

அவள் கணவர் வாசல் கூடத்தில் பாட்டு சொல்லித்தருபவர். பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுவது உள்ளறைவரை வரும்.

அந்தச் செய்தி மடல் எனக்கும் வந்துகொண்டுதான் இருந்தது. திறக்காமலே விட்டிருந்தேன். இப்போது ஒவ்வொன்றாக வாசித்தேன். கலைந்து கிடக்கும் நிரலைத் தானே வரிசைப்படுத்தும் கருவி. நிரலுக்கு வேண்டிய துணைத் தொகுப்புகளையெல்லாம் கண் மூடித் திறப்பதற்குள் இறக்கித் தரும் இன்னொன்று. நிரலுக்குள் ஓடும் வேலைகளில் ஒரு நேரத்தில் ஓர் இழைக்கு மட்டுமே வழிவிட்ட பழைய பூட்டு, அதை இனிக் கழற்றிவிட்டும் பைத்தானை ஓட்டலாம் என்றொரு செய்தி. இதைக் கேட்டதும், எல்லாக் கதவும் ஒரே சமயத்தில் திறந்துகொள்ளும் பெரிய வீட்டில் நடப்பது மாதிரி இருக்கிறது என்றாள்.

செய்தியை வாசிப்பது எளிது. நிரலை வாசிப்பது கடினம். பைத்தானில் ஒரு வரி எவ்வளவு உள்தள்ளி நிற்கிறது என்பதிலேயே பொருள் இருக்கிறது. முதலில் “உள்ளே, இன்னும் உள்ளே” என்று சொல்லிப் பார்த்தேன். இருவருக்கும் எரிச்சல்தான் வந்தது. பிறகு, உள்தள்ளிய ஒவ்வொரு அடுக்குக்கும் குரலைக் கொஞ்சம் தாழ்த்தினேன். அவள் உடனே பிடித்துக்கொண்டாள். ஆழமான அடுக்குகளை ஏறக்குறைய மூச்சாகவே சொல்வேன். மின்விசிறிச் சத்தத்தில் எனக்கே சரியாகக் கேட்காது, அவளுக்குக் கேட்கும்.

வெயில் திரைச்சீலையை மஞ்சளாக்கிய ஒரு மதியம், வாசித்துக்கொண்டே நான் கண்ணயர்ந்திருக்கிறேன். வாய் மட்டும் நிற்கவில்லை. நனைந்த நிரல்களைக் காயப்போடும் ஒரு புதுக் கருவி வந்திருப்பதாகச் சொன்னேனாம். அதை இப்போதே நிறுவு என்று அவள் சொன்ன குரலில்தான் விழித்தேன். திரையில் அப்படி ஒரு வரியே இல்லை. அவளும் பாதித் தூக்கத்தில்தான் கேட்டிருக்கிறாள். சிரித்தால் கண் அதிரும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். அந்தக் கருவி என்னவெல்லாம் செய்யும் என்று அன்று சாயங்காலம்வரை பேசிக்கொண்டிருந்தோம்.

அவளுக்கென்று சொந்தமாக ஒரு சின்னக் கருவியும் உண்டு. தமிழ்ச் சொற்களை அகர வரிசையில் அடுக்கித் தரும். வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் போட்டிருந்தாள். யாரோ ஒரு நூலகர் அதில் புகார் எழுதியிருந்தார்: ‘கோவில்’ என்ற சொல் இரண்டு முறை வருகிறது, கருவி அவற்றை வேறு வேறு சொல்லாக நினைக்கிறது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சிந்தாதிரிப்பேட்டையில் வளர்ந்த நாக்கு எனக்கு. அவளிடம் மட்டும் அதை மறைப்பதில்லை.

“ரெண்டும் ஒண்ணாத்தான்டி கீது. நான் இன்னாத்தைப் பாக்க?”

“பாக்காதே. ரெண்டுக்கும் நீளம் எவ்வளவுன்னு மெஷினையே கேளு.”

கேட்டேன். ஒன்றுக்கு ஆறு என்றது, மற்றதற்கு ஏழு.

அவள் தரையைப் பார்த்தபடியே மெதுவாக விளக்கினாள். ஒருவர் ‘கோ’வின் ஓகாரக் குறியை ஒன்றாகவே தட்டியிருக்கிறார், மற்றவர் முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால் என்று இரண்டாகத் தட்டியிருக்கிறார். திரையில் இரண்டும் ஒரே எழுத்து. எல்லாச் சொல்லையும் முதலில் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் வசதி பைத்தானோடு கூடவே வருகிறது. அடுக்குவதற்கு முன்னால் அதைக் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான். அவள் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். அடுக்கு மாறும் இடங்களில் அவள் குரலும் தாழ்ந்தது. சில வரிகளில் அவள் சொல்லும் முன்பே என் விரல் சரியான இடத்துக்குப் போயிருந்தது. தி.நகரில் அத்தனை வருடம் எதிரெதிரே உட்கார்ந்து வேலை செய்தும் எனக்கு அப்படி நேர்ந்ததில்லை. மறுநாள் நூலகரிடமிருந்து ஒற்றை வரி வந்தது, இப்போது சரியாக இருக்கிறது என்று. அதை அவளுக்கு நான் இரண்டு முறை வாசிக்க வேண்டியிருந்தது.

எழுந்து நடக்கலாம் என்று மருத்துவர் சொன்ன வாரம், பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போனோம். மாலைக் கூட்டத்துக்கு நடுவே என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். குமிழ் இன்னும் முழுதாகக் கரையவில்லை. நல்ல கண்ணைக் கையால் மூடிக்கொண்டு நின்றாள்.

“கண்ணுக்குள்ளே ஒரு கோடு ஆடறதுடி. கோட்டுக்கு மேலே வானம் தெளிவா இருக்கு. கீழே நீ, மணல், பலூன்காரர் எல்லாரும் தண்ணிக்குள்ளே நிக்கறேள்.”

ஓரடி வைத்தாள். கோடு குலுங்குகிறது என்றாள். நின்றாள், அமைதியாகிவிட்டது என்றாள். அப்படியே நடந்தும் நின்றும் அலை வரைக்கும் போனோம்.

பார்வை முழுதாகத் திரும்பவில்லை. திரையில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டு வேலைக்குப் போகிறாள். நானும் புது வேலையில் சேர்ந்தேன், மதியங்கள் போய்விட்டன. மடல் வந்ததும் இப்போதெல்லாம் உடனே திறந்துவிடுகிறேன். பக்கத்தில் யாரும் இல்லையென்றால், நிரல் வரும் இடங்களில் என் உதடு தானாக அசைகிறது.