எட்டு மணி நேரம் இனாம்

"மச்சான்... நோட்டு பஸ்ஸிலேயே போயிருச்சுலா!"

போன மாதம் ஈப்போ சிலிபினில் என் வீட்டு வாசலில் வந்து நின்று இப்படிச் சொன்னவன் சவரிமுத்து, என் மனைவியின் தம்பி. முகம் வெளிறிப் போயிருந்தது.

கோலா கங்சார் பக்கம், ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்ட தோட்டம். அங்கே எண்ணெய் ஆலையில் பாய்லருக்குத் தீப்போடுகிற வேலை அவனுக்கு. பாய்லரை இயக்கும் டிரைவராகப் பரீட்சை எழுத வேண்டுமானால், எரிகிற பாய்லரின் முன்னால் எத்தனை மணி நேரம் நின்றோம் என்று ஆதாரம் காட்ட வேண்டும். இரண்டு வருடமாகத் தினமும் எழுதி வந்த அந்த நோட்டைத்தான் பஸ்ஸில் விட்டுவிட்டான்.

நான் சிரித்தேன். ஏன் தெரியுமா? என்னிடம் பிரதி இருந்தது!

உங்களுக்குத்தான் தெரியுமே, எதையும் இரண்டாக எழுதி வைக்காவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. முந்தைய மாதம் நோட்டைக் காட்ட வந்தவனிடம், "ஒரே நோட்ட நம்பியா இருக்க?" என்று பிடுங்கி வைத்து, நான்கு நாள் உட்கார்ந்து முத்து முத்தாக எழுதியிருந்தேன்.

பெருமையோடு அவனைப் பரீட்சை மனு வாங்கும் ஈப்போ அலுவலகத்துக்கு அழைத்துப் போனேன். அதிகாரி புரட்டினார். "தண்டாதாங்கான் மானா?" என்றார். கையெழுத்து எங்கே?

அசல் நோட்டில் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஆலை மேற்பார்வை போர்மனின் கையெழுத்து இருந்தது. எனக்கு மணிக்கணக்கு மட்டும்தான் கண்ணில் பட்டிருக்கிறது! வெட்கமாகப் போய்விட்டது. மனுவுக்கு இன்னும் பத்து நாள்தான். தவறினால் ஒரு வருடம் போய்விடும், அதற்குள் அந்த டிரைவர் வேலைக்கு வேறு ஆள் வந்துவிடுவான்.

சவரி அசரவில்லை.

"போர்மன் இப்ப லூமுட்லதான் இருக்காரு. போலாம் மச்சான்."

போர்மன் காதர் வேலையை விட்டுவிட்டு, லூமுட் படகுத்துறைக்குப் பக்கத்தில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறார். மத்தியானக் கூட்டம் ஓய்ந்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டுத் தருவார் என்று நினைத்தேன். மனிதர் வரி வரியாகப் படித்தார்! ஓரிடத்தில் விரல் நின்றது.

"சவரி, மொத நாளு 'பைப் ஒழுகுது'ன்னு எழுதியிருக்க. மறுநாளு பாய்லர அணைச்சுட்டுத்தானே பைப் மாத்துனோம்? இதுல எட்டு மணி நேரம்னு இருக்கு?"

"நான் போடலயே அண்ணே..."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

போட்டது நான்தான். அவன் காலியாக விட்டிருந்த நாளை, பாவம் மறந்துவிட்டான் என்று நானே நிரப்பிவிட்டேன். வேறெங்கும் கை வைக்கவில்லை என்று அந்தக் கடையில் நின்று சத்தியம் செய்ய வேண்டியதாயிற்று.

காதர் அந்த வரியை அடித்து, 'பாய்லர் எரியவில்லை' என்று மலாய் மொழியில் எழுதி, பக்கத்திலேயே கையெழுத்திட்டார். பிறகு எல்லாப் பக்கங்களிலும்.

மறுநாள் அதே அதிகாரி. அடித்த வரியில் வெகுநேரம் விரல் வைத்திருந்தார். மற்றப் பக்கங்களை வேகமாகத் தள்ளினார். முத்திரை விழுந்தது! தான் நிற்காத எட்டு மணி நேரத்தை அடிக்க விட்டவன் மீதியில் பொய் சொல்வானா என்று நினைத்திருப்பார் போலும்.

பிரதி எடுப்பது எளிது... எதையும் சேர்க்காமல் சும்மா எடுப்பதுதான் கஷ்டம்.

வெளியே வந்ததும், "இதுக்கும் ஒரு பிரதி எடுத்துடுவோமா?" என்றேன்.

"எடுங்க மச்சான்... ஆனா எனக்கு நல்லது மட்டும் பண்ணிறாதீங்க!"