கெடிலத்தில் குதித்த அம்மா

விமானத்துக்குள் பயிற்சியாளர் என் இடுப்புப் பட்டையை இழுத்து இறுக்கினார். ஐம்பத்து மூன்று வயதில் முதன்முறையாகப் பாராசூட்டோடு குதிக்கப் போகிறேன். அந்த இறுக்கத்தில், ஈரப் புடவையை இழுத்துச் செருகிக்கொள்ளும் அம்மா நினைவுக்கு வந்தாள்.

எண்பதுகளில் நாங்கள் திருவந்திபுரத்தில் இருந்தோம். அப்பாவுக்குச் சிதம்பரத்தில் வேலை. ஞாயிறு மட்டும் வீட்டில் இருப்பார். நாற்பது வயதான அம்மாவுக்குத் திடீரென நீச்சல் ஆசை வந்தது. கடலூரிலிருந்து மீன் கொண்டுவரும் அஞ்சலையக்கா கெடிலம் ஆற்றில் ஒரு மாதம் சொல்லிக்கொடுத்தார். மூக்கில் தண்ணீர் ஏறி அம்மா இருமுவாள். தலைமுடியில் பாசி மணக்க வீடு திரும்புவாள். மறுநாளும் போவாள். அப்பாவிடம் சொல்லவில்லை.

மழை பெய்து ஆறு நிறைந்திருந்த ஒரு ஞாயிறு, அம்மா படித்துறை மண்டபத்தின் மேல் ஏறி நின்றாள். யாரோ சொல்லி அப்பா ஓடிவந்தார்.

“ஏய், எல்லாரும் பாக்குறாங்க. எறங்குடி கீழ!”

“எறங்கத்தான் போறேன். கொஞ்சம் தள்ளிக்குங்க” என்ற அம்மா, ஆற்றில் குதித்தாள்.

தண்ணீர் அவளை மூடியது. நீச்சல் தெரியாத அப்பா, சட்டையோடு இடுப்பளவு ஆற்றில் இறங்கிவிட்டார். பத்தடி தள்ளி அம்மாவின் தலை எழும்பியது. சிரித்தபடி நீந்தி வந்தவளை அப்பா கைநீட்டிப் பிடித்துக்கொண்டார். பிறகு கேட்டார்: “எனக்கும் கத்துத் தர்றியா?”

விமானத்தின் கதவு திறந்தது. காற்று முகத்தில் அறைந்தது. “ரெடியாம்மா?” என்றார் பயிற்சியாளர். கதவின் விளிம்புக்கு நானே நகர்ந்தேன்.