உப்பு எடுக்க மறந்த கப்பல்

என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிறவர். வரைபடத்தில் ஒரு தீவைப் பார்த்துவிட்டால் மனுஷனுக்குக் கால் தரையில் நிற்காது. 2005 மே மாதம், லீவு விட்ட மூன்றாம் நாள், "நாம மூணு பேரும் மூணு நாளு கப்பல்ல குடியிருக்கப் போறோம்" என்று அறிவித்தார். கப்பல் என்றது, அனுமந்தையில் இருக்கும் அவர் அண்ணனுக்கு நிவாரணத்தில் வந்த ஃபைபர் படகை. என்ஜின் ரிப்பேருக்குப் போயிருந்ததால் மூங்கில் கழி நட்டு, நிவாரணத்தில் வந்த நீலத் தார்ப்பாயையே பாயாகக் கட்டினார். காற்றடித்தால் அது படகைத் தவிர மற்ற எல்லாவற்றையும் இழுத்தது.

கிண்டலாகச் சொல்கிறேனே தவிர, காரியமெல்லாம் எங்கள் மகளுக்காகத்தான். ஒன்பது வயசு. ஐந்து மாதத்துக்கு முன்பு, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை, பெரியப்பா வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தவளைக் கடல் உள்ளே வந்து கழுத்துவரை முக்கிவிட்டுப் போனது. அவள் அப்பாதான் தலைமுடியைப் பிடித்து இழுத்தெடுத்தார். அன்றிலிருந்து அவள் தண்ணீரில் கால் வைப்பதில்லை. குழாயடியில் தேங்கிய தண்ணீரைக்கூட என் இடுப்பில் ஏறித்தான் தாண்டுவாள். மூன்று நாள் படகிலேயே இருந்தால் அலுத்துப்போய்த் தானே இறங்கிவிடுவாள் என்று இவர் நம்பினார். கண்ணை இறுக மூடிக்கொண்டு அப்பா தோளில் வந்தவள், படகில் உட்கார்ந்ததும் கண்ணைத் திறந்து, "நான்தான் கேப்டன். கேப்டன் எறங்க மாட்டாங்க" என்றாள்.

கடலுக்குப் போகவில்லை, கழிமுகத்தில்தான், முழங்கால் ஆழத்தில் நங்கூரம் போட்டோம். ஒரு பக்கம் அவருடைய தீவு, அதாவது நாலு முட்செடி முளைத்த மணல் திட்டு. மறுபக்கம் உப்பளம். மூன்று நாளைக்கு யாரும் கரையைத் தொடக்கூடாது என்று அவரே ஒரு சட்டமும் போட்டார்.

முதல் நாள் மத்தியானம் மடவை மீன் குழம்பு கொதிக்கிறது. சாமான் பைக்குள் கையை விட்டுத் தேடுகிறேன், உப்பு இல்லை. நான் உப்பளத்து வீட்டில் பிறந்தவள். எங்கள் வீட்டில் யாரும் உப்பை வாங்கியதில்லை, எடுத்து வைத்ததுமில்லை. அது பாட்டுக்குப் பானையில் இருக்கும். நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

"உப்பளத்துல பொறந்தவ, உப்ப மறந்துட்டு வர்றியா?"

"லிஸ்ட் எழுதுனது யாருங்க? பூதக்கண்ணாடிய மட்டும் எழுதத் தெரிஞ்சுதா?"

எதிரே, கூப்பிடு தூரத்தில், வெள்ளை வெளேரென்று குவியல் குவியலாக உப்பு. சட்டம் போட்டவரே போய் எடுத்து வரட்டும் என்று நான் உட்கார்ந்துவிட்டேன். மறந்தவள் போகட்டும் என்று அவரும். நான் மட்டும் லேசுப்பட்டவளா என்ன!

சாயங்காலம் மகளைப் படகில் விட்டுவிட்டு நானும் அவரும் திட்டை ஆராயப் போனோம்; தீவு கரைக் கணக்கில் வராதாம். நண்டு வளை, கொக்கு இறகு, யாரோ விட்டுப்போன ஒற்றைச் செருப்பு. செருப்பையும் நோட்டில் வரைந்துகொண்டார்.

"வாடா கண்ணு, நண்டு பாரு!"

"இங்கேருந்தே தெரியுதுப்பா" என்றாள் கேப்டன்.

அவர் முகம் செத்துப்போனது. "தண்ணியில்ல, நான் முடியப் புடிச்சி இழுத்ததுதான் அவளுக்கு ஞாபகம் இருக்குது போல" என்றார் என்னிடம். அதுவரை அவரைக் கேலி செய்துகொண்டிருந்த நான், செருப்புப் படம் நன்றாக வந்திருக்கிறது என்றேன்.

இரண்டாம் நாள், உப்புக்குப் பதிலாகக் கழிமுகத் தண்ணீரையே ஒரு கரண்டி குழம்பில் ஊற்றிவிட்டார். ஒரே கசப்பு. "நல்லாத்தான் இருக்குது" என்று சாதித்து அரைத் தட்டு தின்றார். மீதியை மீன்கூடத் தொட்டிருக்காது.

மூன்றாம் நாள் மறுபடியும் ஆரம்பித்தோம். நீ போ, நீங்க போங்க, உங்க சட்டம், உன் மறதி. தட்டை நங்கென்று வைத்தாள் மகள்.

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு சும்மாவா சொன்னாங்க? ரெண்டு பேரும் வாய மூடுங்க!"

காலி டப்பாவை எடுத்தாள். படகின் விளிம்பில் ஒரு காலைப் போட்டாள். இன்னொரு காலையும் போட்டாள். தண்ணீர் அவள் முட்டியைத் தொட்டபோது விளிம்பை இறுகப் பிடித்தபடி அப்படியே நின்றாள். இவர் பாய்ந்து எழப் போனார். நான் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தேன். மாதாவே, என்று மனசுக்குள் கத்திக்கொண்டிருந்தேன்.

விளிம்பை விட்டாள். தண்ணீரையே முறைத்தபடி, அடி மேல் அடி வைத்துக் கரைக்குப் போனாள். உப்பு வாரிக்கொண்டிருந்த அம்மா ஒருத்தி டப்பாவை நிரப்பிக் கொடுத்தாள். திரும்பும்போது கேப்டன் டப்பாவைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வந்தாள்.

யாரையும் கேட்காமல் அவளே ஒரு கை அள்ளிக் குழம்பில் போட்டாள். வாயில் வைக்க முடியாத கரிப்பு. இவர் மறுசோறு வாங்கிச் சாப்பிட்டார், தலையைக் குனிந்தபடியே. தட்டில் சொட்டியதை அவள்தான் முதலில் பார்த்தாள்.

"ஏம்ப்பா அழுவுற? கொழம்புல ஏற்கெனவே உப்பு ஜாஸ்தி."