ஏழு டிகிரிக்குக் கீழே

எங்கள் ஊரில் டயர் மாற்றுவதற்குக் காலம் என்று ஒன்று உண்டென்றால் அது ஜூனில் தொடங்குகிற எடவப்பாதி மழைக்கு முந்தின பத்து நாட்கள்தான். பள்ளிக்கூடம் திறக்கிற வாரத்தில் மழையும் திறந்துகொள்ளும். அதற்கு முன்பே, பாறசாலையில் நெடுஞ்சாலையோரம் இருந்த அப்பாவின் டயர் கடைக்கு ஒற்றசேகரமங்கலத்து மலைரோட்டு ஜீப்புகளும் காட்டாக்கடை சந்தைக்கு மரச்சீனிக் கிழங்கு ஏற்றிப் போகிற வண்டிகளும் வந்து வரிசையாக நிற்கும். அப்பா குத்தவைத்து உட்கார்ந்து, கட்டைவிரல் நகத்தை டயரின் பள்ளத்தில் இறக்கிப் பார்ப்பார். நகம் மறைந்தால், "இன்னும் ஒரு மழை ஓடும்" என்பார். மறையாவிட்டால், "மாத்திரு" என்பார். இந்த இரண்டு சொல்லில் ஒன்றைக் கேட்டுப் போவதற்காகவே ஆட்கள் வருவார்கள். இரண்டுக்கும் அவர் காசு வாங்கியதில்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அப்படிப்பட்ட மனிதர் நாற்பது வயதுக்குமேல் பனியில் ஓடுகிற டயரைப் பற்றிப் படிக்க வேண்டி வந்தது. பனி என்றால் டிசம்பர் மாத விடியலில் ரப்பர் தோட்டத்துக்குள் நடக்கும்போது கால் நனைகிற அளவுக்குத்தான் எங்கள் யாருக்கும் தெரியும்.

அம்மா நர்ஸ். நான் மூன்றாம் வகுப்பு முடித்த விடுமுறையில் கனடாவுக்குப் போனாள். பெரிய நகரம் ஒன்றும் இல்லை; ஒரு சின்ன ஊரில் வயதானவர்கள் தங்கியிருக்கிற இல்லத்தில் இரவு வேலை. கொல்லயிலில் எங்கள் வீட்டில் நானும் அப்பாவும் அப்பாவின் அக்காவான மாமியும் மிஞ்சினோம். அந்த வருடம் கிறிஸ்துமசுக்கு அம்மாவுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. கேரல் பாட வந்த சபைக்காரர்கள் நடுவில் என்னை நிறுத்தி மாமி ஒரு படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினாள். அதில் எல்லாரும் வாயைத் திறந்து பாடுகிறார்கள், நான் வாயைத் திறந்து அழுகிறேன். மாமி சரியாகப் பார்க்காமல் அனுப்பிவிட்டாள். அம்மா அதைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் போன் செய்யவில்லை.

முதல் பனிக்காலம் முழுவதும் அம்மா, கூட வேலை செய்கிற மலையாளிச் சேச்சி ஒருவரின் வண்டியில் தொற்றிக்கொண்டு போய்வந்தாள். அடுத்த வருடம் பழைய கார் ஒன்றை வாங்கினாள். அன்றிலிருந்து அப்பாவுக்கு வேறு நினைப்பில்லை. ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவியதும் போனில் பனி டயர் வீடியோக்களைப் பார்க்க உட்கார்ந்துவிடுவார். இங்கிலீஷ் பாதி புரியாது. டயர் முழுதும் புரியும்.

"ஏழு டிகிரி ஆக்கும் கணக்கு," என்று எனக்கும் மாமிக்கும் விளக்குவார். "அதுக்குக் கீழ போனா சாதா டயரு வெறச்சுப் போவும். ரோட்டைப் புடிக்காது. பனி டயரு ரப்பரு வேற. எந்தக் குளிரிலயும் மெத்துன்னு இருக்கும்."

"அப்பம் எப்பவும் அதையே போட்டுட்டு ஓடினா என்ன?" என்று மாமி கேட்டாள். நல்ல கேள்விதான்.

"சூட்டுல ஓடினா அழிரப்பர் மாதிரி தேஞ்சு போவும். நேரம் பாத்துப் போடணும், நேரம் பாத்து எடுக்கணும்."

டயர் வாங்கிய நாள் நன்றாக நினைவிருக்கிறது. அங்கே ஒரு பழைய டயர்க் கடையின் முற்றத்தில் அம்மா நிற்கிறாள். இங்கே அப்பா நாற்காலி நுனியில் இருக்கிறார். "பக்கவாட்டுல மலை படம் உண்டா? மூணு முனை உள்ள மலை, உள்ள ஒரு பனிப்பூ" என்று கேட்டார். அம்மா போனைக் கிட்டே கொண்டுபோய், உண்டு என்றாள். "இனி அந்தக் கடைசி நாலு நம்பரை வாசி." வாசித்தாள். முதல் இரண்டும் டயர் செய்த வாரம், அடுத்த இரண்டும் வருடம் என்று அப்பா எனக்குச் சொல்லித் தந்திருந்ததால் அவருக்கு முன்னால் நான் கணக்குப் போட்டுவிட்டேன். "எட்டு வருஷம் ஆச்சு. ரப்பர் செத்துப் போச்சு. வேற எடுக்கச் சொல்லு" என்றார். கடைக்காரர் முன்சக்கரத்துக்கு இரண்டு போதும் என்றாராம். அப்பா சிரித்தார். "ரெண்டு மட்டும் போட்டா வளைவுல பின்பக்கம் சுத்தி முன்னால வந்து நிக்கும். நாலும் ஒண்ணு போல வேணும்." அந்த வெள்ளைக்காரருக்கு அம்மா அதை மொழிபெயர்த்துச் சொன்னதும் அவர் போனுக்குள் எட்டி அப்பாவைப் பார்த்து ஒரு வணக்கம் மாதிரி தலையசைத்தார். என் அப்பாவுக்குக் கிடைத்த அந்த ஒரு தலையசைப்பை நான் பள்ளிக்கூடத்தில் ஒரு வாரம் சொல்லித் திரிந்தேன்.

நாலு டயரும் அம்மா குடியிருந்த வீட்டின் கீழறையில் அடுக்கப்பட்டன. எப்போது மாட்டுவது என்பதுதான் பாக்கி. அக்டோபர் முடிந்ததும் எல்லாரும் மாற்றுவார்கள் என்று சேச்சி சொன்னதாக அம்மா சொன்னாள். "தேதி குறிக்க இது கல்யாணம் ஒண்ணும் இல்ல" என்றார் அப்பா. காலைக் குளிர் ஒரு வாரம் தொடர்ந்து ஏழுக்குக் கீழே இருந்தால் மாற்ற வேண்டும். அதுவரை பொறுக்க வேண்டும். அந்த ஒரு வாரத்தைக் கண்டுபிடிக்கிற வேலையை எனக்குத் தந்தார். கடையில் அவர் கையில் இருந்தது பட்டன் போன். அம்மா வாங்கி அனுப்பிய நல்ல போன் வீட்டில்தான் கிடக்கும். அங்கே காலை ஆகும்போது இங்கே மாலை ஜெபம் தொடங்குகிற நேரம். போனில் அம்மாவின் ஊர்ப் பெயரைத் தொட்டு, வருகிற எண்ணை ஒரு நோட்டில் எழுத வேண்டும். அம்மா இருக்கிற இடத்தின் குளிரைத் தினமும் தொட்டுப் பார்க்கிற மாதிரி இருந்தது எனக்கு. பதினான்கு, பன்னிரண்டு, பன்னிரண்டு, பத்து. அதுவரை எழுதியதெல்லாம் உண்மை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா சொன்னாள்: "லீவு கேட்டிருக்கேன் மக்கா. கிடைச்சா கிறிஸ்துமசுக்கு வாறேன். கிடைக்கலேன்னா டயரையும் மாத்திப் போட்டுட்டு இங்கயே கிடக்க வேண்டியதாக்கும்."

பத்து வயதில் நான் இதை ஒரே கணக்காகப் போட்டுக்கொண்டேன். டயர் மாற்றினால் அம்மா அங்கேயே கிடப்பாள். மாற்றாவிட்டால் பனியில் வண்டி ஓடாது; வண்டி ஓடாவிட்டால் வேலைக்குப் போக முடியாது; வேறு வழியில்லாமல் விமானம் ஏறுவாள். எங்கும் இடறாத கணக்கு. வண்டி ஓடாது என்றுதான் நினைத்தேனே தவிர, ஓடி, பிறகு நிற்காமல் போகும் என்று எனக்குத் தோன்றவில்லை. டயர்க் கடைக்காரரின் மகளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

முதல் பொய் சுலபமாக இருந்தது. போனில் ஆறு என்று வந்தது, ஒன்பது என்று எழுதினேன். மறுநாள் ஐந்து வந்தது, எட்டு எழுதினேன். பிறகு மூன்று, ஒன்று, பூச்சியம். ஒருநாள் எண்ணுக்கு முன்னால் ஒரு சிறு கோடு போட்டு இரண்டு என்று வந்தது. நான் பத்து என்று எழுதினேன், கொஞ்சம் தாராளமாக.

அந்த வாரம் அம்மா வீடியோவில் வந்தாள். மூக்கு சிவந்திருந்தது. "கேட்டீளா, இங்க நல்ல குளிரு. வண்டிக் கண்ணாடியில ஐஸ் புடிச்சுக் கெடக்குது. மாத்தட்டா?" என்று கேட்டாள்.

"உனக்கு இங்கயே பேன் போட்டா குளிரும்," என்றார் அப்பா. "ராத்திரி கண்ணாடியில புடிக்கிற ஐஸ் காலையில ரோட்டுல நிக்காது." "நம்பரு என்ன சொல்லுதுன்னு பாப்போம். மக்கா, நோட்டை வாசி."

நான் நோட்டை எடுத்து, அம்மாவின் முகத்துக்கு நேராக நின்று வாசித்தேன். ஒன்பது, எட்டு, எட்டு, ஒன்பது, ஒன்பது, பத்து.

"அப்பம் சரி," என்று அம்மா சிரித்தாள். "எம் மக எழுதினா சரியாத்தான் இருக்கும். நான் ஒரு பயந்தாங்கொள்ளி."

அதிலிருந்து ஆறாவது நாள் மாலை ஜெபத்துக்குப் பாய் விரித்துக்கொண்டிருந்தபோது சேச்சியிடமிருந்து போன் வந்தது. வேலை முடிந்து திரும்பும்போது ஒரு வளைவில் வண்டி அம்மாவின் கைக்கு நிற்காமல் மரத்தில் போய் மோதியிருக்கிறது. உயிருக்கு ஒன்றும் இல்லை, இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது, ஆபரேஷனுக்குக் கொண்டுபோகிறார்கள், பயப்பட வேண்டாம் என்று சேச்சி சொல்லிக்கொண்டே இருந்தார். ரோட்டில் ஐஸ் கண்ணாடி மாதிரி கிடந்ததாம்; ஒரு வாரமாகவே காலையில் பூச்சியத்தை ஒட்டித்தானாம்.

"ஒரு வாரமாவா?" என்று கேட்டார் அப்பா. மறுபடியும், "ஒரு வாரமாவா?" என்றார்.

அன்று மாமிதான் ஜெபித்தாள், உரக்க அழுதுகொண்டே. கண்ணை மூடாமல் இருந்தவர்கள் நானும் அப்பாவும். அவர் நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். விரலால் ஒவ்வொரு எண்ணாகத் தொட்டார். பிறகு மூடி மடியில் வைத்துக்கொண்டார். என்னைப் பார்க்கவில்லை. அந்த நோட்டை அதற்குப் பிறகு நான் எங்கும் கண்டதில்லை.

அம்மா கிறிஸ்துமசுக்கு வந்தாள். திருவனந்தபுரம் விமான நிலையத்தில் சக்கர நாற்காலியில் வைத்து ஒருவர் தள்ளிக்கொண்டு வந்தார். நான் ஓடிப்போய் அவள் மடியில் முகத்தை வைத்தேன். "இடுப்பு, இடுப்பு" என்று மாமி கத்தினாள். அம்மா, "இருக்கட்டும்" என்றாள். சொல்லவே கூசுகிறது, எனக்கு அன்று சந்தோஷமாகத்தான் இருந்தது. நின்று வேலை செய்ய முடியாத நர்ஸுக்கு அங்கே இடமில்லாமல் போனது. அம்மா திரும்பிப் போகவே இல்லை. இப்போது நெய்யாற்றின்கரையில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் உட்கார்ந்து செய்கிற வேலை பார்க்கிறாள். கோயிலில் எல்லாரும் எழுந்து நின்று பாடும்போது அவள் மட்டும் உட்கார்ந்தே பாடுவாள்.

பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அப்பா ஒரே பதிலைத்தான் சொன்னார். "நான் பொறுக்கச் சொன்னேன். எங்கணக்கு பெசகிப் போச்சு. அவ அன்னைக்கே கேட்டா, நாந்தான் மாத்தாண்டாம்னு சொன்னேன்." அம்மாவிடமும் இதையேதான் சொன்னார். எனக்குக் குற்ற உணர்ச்சி இல்லாமல் இல்லை. ஆனால் டயர் விஷயத்தில் அப்பா சொன்னால் தப்பாது என்று நம்பி வளர்ந்தவள் நான். தன் தவறு என்று அவர் சொன்னதால் அதையும் நம்பிவிட்டேன். அடுத்த எடவப்பாதிக்கு ஜீப்புகள் வந்து நின்றன. நகம் முழுதும் மறைகிற டயரைப் பார்த்தும் "மாத்திரு" என்றார். "இன்னும் ஒரு மழை ஓடும்" என்று அப்பா சொல்லி அதற்குப் பிறகு யாரும் கேட்டதில்லை. டயர் விற்பதற்காகச் சொல்கிறார் என்று ஆட்கள் பேசிக்கொண்டார்கள். கூட்டம் குறைந்தது.

இதற்கு நடுவில் நடந்த ஒன்றை விட்டுவிட்டேன். மறந்து விடவில்லை. போன மாதம் எனக்குக் கண்ணாடி போட்டார்கள். கம்ப்யூட்டரைப் பார்த்துப் பார்த்து வந்த கோளாறு. வீட்டுக்குப் போனபோது அம்மா, அழகாக இருக்கிறது என்றாள். அப்பா வெகுநேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "சின்னதுல உனக்கு நல்ல கண்ணாக்கும்" என்றார். எழுந்து வெளியே போய்விட்டார்.

நான் விட்டுவிட்டது அம்மாவுக்கு ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் நடந்தது. நான் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்கு முன்பே அப்பா கடையை அடைத்துவிட்டு வந்திருந்தார். குளித்து, கோயிலுக்குப் போகிற சட்டையைப் போட்டிருந்தார். என்னை ஸ்கூட்டரில் ஏற்றி நெய்யாற்றின்கரைக்கு ஒரு கண் டாக்டரிடம் கொண்டுபோனார். எனக்குக் கண்ணில் ஒன்றும் இல்லையே என்று கேட்டதற்கு, "பாத்துட்டு வருவோம் மக்கா, நல்லதுதானே" என்றார். அம்மா ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது இதென்ன அவசரம் என்று மாமி முணுமுணுத்தாள்.

டாக்டர் ஒரு மலையாளி அம்மா. சுவரில் இருந்த எழுத்துகளை வாசிக்கச் சொன்னார். கடைசி வரி வரைக்கும் கடகடவென்று வாசித்தேன். "நம்பரு," என்றார் அப்பா. "சின்ன நம்பரு தெரியுமான்னு பாருங்க. ஆறையும் ஒன்பதையும் மாத்தி வாசிக்குமோன்னு ஒரு சந்தேகம்." டாக்டர் எண்கள் உள்ள அட்டையைத் தந்தார். அதையும் வாசித்தேன். ஒன்றும் பிசகவில்லை. கண்ணில் சொட்டு மருந்து விட்டுப் பார்க்கலாமா என்று அப்பா கேட்டார். அதையும் செய்தார்கள்.

"குட்டியுடெ கண்ணு நல்ல கண்ணாணு," என்றார் டாக்டர். "ஒரு குழப்பமும் இல்ல."

"நல்லா பாத்தீங்களா டாக்டர்? ஒரு சின்னக் குறைகூட இல்லையா?"

"ஒண்ணும் இல்ல. சந்தோஷமாயிட்டு போய்க்கோளூ."

அப்பா சந்தோஷப்படவில்லை. பிள்ளையின் கண் நன்றாக இருக்கிறது என்று கேட்டு முகம் இருண்டுபோன ஒரு தகப்பனை அந்த டாக்டர் வேறு எங்கும் பார்த்திருக்க மாட்டார். என் கண் கெட்டிருக்க வேண்டும் என்று அவர் வழியெல்லாம் ஜெபித்துக்கொண்டு வந்திருக்கிறார். கண் கெட்டிருந்தால் அவர் மகள் பொய் எழுதியவள் இல்லை. அந்த ஒன்றுதான் அவருக்கு மிச்சமிருந்தது. அதை நான் கடைசி வரி வரைக்கும் வாசித்துத் தீர்த்துவிட்டேன்.

வெளியே வந்ததும் ரோட்டோரத் தட்டுக்கடை ஒன்றில் எனக்கு இரண்டு பழம்பொரி வாங்கித் தந்தார். அவர் ஒன்றும் சாப்பிடவில்லை. நான் ஏதாவது சொல்வேனா என்று என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். சொட்டு மருந்தில் எனக்கு எல்லாம் மங்கலாகத் தெரிந்தது, அவர் முகம் உட்பட. நல்ல கண்ணுக்குக் கிடைத்த பரிசு என்று நினைத்துக்கொண்டு இரண்டையும் தின்று முடித்தேன்.