ஏரியா, குடிசைகளா: ஒரு மாளிகைப் படத்தைத் தேடிப் போன செவ்வாய்க்கிழமை

எனக்கு மறதி வந்துவிட்டதாக, நான் இப்போது வாழும் மோர்னிங்சைட்டில் எங்கள் வாசகர் வட்டத்தில் பேசிக்கொள்கிறார்கள். தவறு. நடந்ததை எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் நான் படித்த கொன்வென்ற் நூலகத்தில், ஆங்கிலேயரின் நாட்டுப்புற மாளிகைகள் பற்றிய பெரிய புத்தகம் ஒன்று கண்ணாடிப் பெட்டிக்குள் விரித்து வைக்கப்பட்டிருந்தது. தொட அனுமதியில்லை. அந்தப் படத்தில் மாளிகைக்கு முன்னால் ஏரி இருந்தது என்று வட்டத்தில் ஒருநாள் சொன்னேன். அடுத்த மாதம், அதே மாளிகைக்கு முன்னால் கூலியாட்களின் குடிசைகள் இருந்தன என்றேன். வட்டத்தில் இளையவரான சறோ விடவில்லை.

"போன மாதம் ஏரி எண்டனீங்கள் அன்ரி. அதுக்குள்ள வத்திப்போச்சோ?"

செய்தி பக்கத்து ஊரான அஜக்ஸில் இருக்கும் மகளுக்குப் போயிற்று. அவள் டொக்ரரிடம் நேரம் எடுத்துவிட்டு, அப்பார்ட்மென்ரை விட்டுத் தன்னோடு வரச் சொன்னாள். கணவர் இறந்தபின் ஒன்பது வருடமாக நானே நடத்தும் வீடு அது. ஆனால் இரண்டு படங்களும் கண்முன் தெளிவாக நின்றன. உண்மையைச் சொன்னால், நானும் பயந்துதான் போயிருந்தேன்.

நகர மையத்து நூலகம் ஒன்றில் ரீஜென்சி கால மாளிகைப் படங்களின் கண்காட்சி நடப்பதாக அறிந்து, சென்ற செவ்வாய் காலை 9.10க்கு 116ஆம் இலக்க பஸ் ஏறினேன். கெனடி ஸ்ரேசனுக்கு 38 நிமிடம், பிறகு சப்வேயில் 35 நிமிடம். முதியோருக்கு இரண்டு டொலர் இருபத்தைந்து சதம். கண்காட்சி இலவசம்.

அரசருக்குப் புத்தி தடுமாறியதால் மகன் பொறுப்பேற்று ஆண்ட காலமே ரீஜென்சி. சுவரில் இதை வாசித்தபோது அஜக்ஸ் ஞாபகம் வந்தது.

மூன்றாவது மேசையில் என் மாளிகை இருந்தது. முன்னால் குடிசைகள். ஏரி இல்லை. காவலுக்கு நின்ற பெண், இது தொட்டுப் பார்ப்பதற்கான பிரதிதான் என்று சொல்லி, படத்தின் நடுவில் ஓரம் மட்டும் ஒட்டியிருந்த ஒரு தாளைத் தூக்கினாள். குடிசைகள் போய், அடியில் ஏரி மின்னியது. தோட்டம் அமைப்பவர், "இப்போது இப்படி, என்னிடம் விட்டால் இப்படி" என்று பிரபுவுக்குக் காட்டும் முறையாம். அக்கால நாவல்களில் மாளிகையின் அழகைச் சொல்பவர்களும் குடிசைகளை இப்படித்தான் அகற்றுவார்கள்.

எங்கள் நூலகத்தில் தூசு தட்டிய சிஸ்டர் யாரோ ஒரு பள்ளித் தவணையில் அந்தத் தாளைத் திருப்பியிருக்க வேண்டும். வாங்கில் அமர்ந்து நிம்மதியாக மூச்சு விட்டேன். மகளை அழைத்தேன்.

"அம்மா, எங்க நிக்கிறியள்?"

"டவுன்ரவுனில. தனியத்தான் வந்தனான். ஏரியும் இருக்குது பிள்ளை, குடிசையும் இருக்குது."

விளக்கினேன்.

"அப்ப டொக்ரர்?"

"எடுத்த நேரத்தை வீணாக்காதை. நீ போய்க் காட்டு."

சிரித்தாள். அஜக்ஸ் பேச்சை எடுக்கவில்லை.

போக நினைப்பவர்கள் பதினொரு மணிக்கு முன் போங்கள். பிறகு மாணவர் கூட்டம். பூதக்கண்ணாடி கொண்டுபோங்கள். எந்தப் படத்தைத் தொடலாம் என்று முதலில் கேளுங்கள்.

எங்கள் கொன்வென்றில் படித்தவர்கள் இதை வாசித்தால், உங்கள் காலத்தில் பெட்டிக்குள் தெரிந்தது ஏரியா, குடிசைகளா என்று எனக்கு எழுதுங்கள். தொலைபேசி வேண்டாம். சறோவுக்குக் காட்ட எழுத்தில் வேண்டும்.